தர்மப் பிரசுரமும் இலக்கியமும்

தர்ம ஸ்தாபனங்கள் வெளியிடுகிற துண்டுப் பிரசுரங்களை இலக்கிய விமரிசனத்துக்கு உரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தபாலில் வருகிறது, படத்தைப் பார்க்கிறோம், மனசு ஒரு நிமிஷம் சங்கடப்படுகிறது, பணம் அனுப்புகிறோம், அல்லது அனுப்பாமல் விடுகிறோம். அதோடு சரி. ஆனால் அதுவும் எழுத்துதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து, எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரவேண்டும் என்று யோசித்து எழுதியதுதான். நல்ல நாவலைவிட அதிகம் பேர் அதைப் படிக்கிறார்கள் என்பதையும் நாவலாசிரியன் என்ற முறையில் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் ஒரு குற்ற உணர்ச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் கண்ணிவெடிகளுக்கு எதிராக நிதி திரட்டிய ஒரு சிறு ஸ்தாபனத்தார் என்னிடம் வந்து, நாலு பக்கத்தில் ஒரு கதை வேண்டும் என்று கேட்டார்கள். அங்கோலா தேசத்தில் நடப்பதாக இருக்கட்டும் என்றார்கள். நான் அங்கோலாவைப் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினேன். ஒரு பெண் குழந்தை காலை வேளையில் இடுப்பில் குடத்தோடு தண்ணீருக்குப் போகிறாள். ஒற்றையடிப் பாதையை விட்டு விலகி ஒரு வண்ணாத்திப்பூச்சியைத் துரத்துகிறாள். அப்புறம் நடந்தது வாசகர்களுக்குத் தெரிந்ததே. கதை அச்சாயிற்று. நிதியும் ஓரளவு சேர்ந்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் படித்துவிட்டு அழுததாக எனக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் கொஞ்ச நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

இடுப்பில் குடம் என்பது அபத்தம் என்று பின்னால் தெரிந்தது. அங்கே பெண்கள் தலையில்தான் சுமக்கிறார்கள். நான் எழுதியது அங்கோலாப் பெண் அல்ல, எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நான் பார்த்த பெண். அது சின்னத் தப்பு. பெரிய தப்பு வேறு. என் முதல் பிரதியில் ஏழு வரியில் ஒரு பத்தி இருந்தது. அந்தக் கண்ணிவெடியை அந்த இடத்தில் புதைத்த சிப்பாயைப் பற்றியும், அதை எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து பெட்டியில் அடுக்கியவர்களைப் பற்றியும் எழுதியிருந்தேன். அது வேண்டாமே என்றார்கள். பணம் கொடுப்பவர்களுக்கு அரசியல் பிடிக்காது, யார் வைத்தார்கள் என்ற கேள்வி வந்தால் எந்தக் கட்சி என்ற கேள்வியும் வரும் என்றார்கள். நான் அடித்துக் கொடுத்துவிட்டேன். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. கதை கச்சிதமாகிவிட்டது என்று கூட நினைத்தேன்.

அது பெரிதுதான் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு புஸ்தகம். லாவோஸ் தேசத்து ஜாடிச் சமவெளியிலிருந்து வந்த அகதிகள் எழுதியதும் வரைந்ததும் சேர்ந்த தொகுப்பு. ஃபிரெட் பிரான்ஃப்மன் என்ற அமெரிக்கர் தொகுத்து 1972-இல் வெளிவந்தது. 2013-இல் மறுபடியும் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் லாவோஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

1962-இல் ஜினீவாவில் நடுநிலை நாடு என்று வல்லரசுகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தேசம் அது. 1964-லிருந்து 1973 வரையில் அமெரிக்க விமானங்கள் அதன்மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அமெரிக்க ஜனங்களுக்கே முதல் சில வருஷங்கள் இது தெரியாது. இதில் பெரும் பங்கு கொத்துக்குண்டுகள். ஒரு பெரிய கூடு ஆகாயத்தில் திறந்துகொள்ளும். உள்ளிருந்து டென்னிஸ் பந்து அளவில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறி விழும். ஒவ்வொன்றுக்குள்ளும் எஃகு உருண்டைகள் பதித்திருக்கும். இப்படி விழுந்தவை 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி விழுந்தும் வெடிக்காமல் வயலிலும் மூங்கில் புதரிலும் தங்கிவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லாவோக்காரர்கள் இந்தச் சிறு குண்டைப் 'பொம்பி' என்கிறார்கள். நம் காதில் இது பொம்மை என்று விழுகிறது. அங்குள்ள குழந்தைகள் அதைப் பந்து என்றே நினைத்து எடுத்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு மட்டும் செத்தவர்களும் ஊனமானவர்களும் 20,000 பேருக்கு மேல்.

பிரான்ஃப்மன் 1967-இல் தொண்டராக லாவோஸுக்குப் போனவர். லாவோ மொழி கற்றுக்கொண்டவர். 1969-இல் சமவெளியிலிருந்து வியந்தியான் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட அகதிகளைச் சந்தித்தார். அவர்கள் சொன்னதைக் கேட்ட பின் அவரால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. பத்திரிகைக்காரர்களை முகாமுக்கு அழைத்துக்கொண்டு போனார். 1971-இல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அமெரிக்க செனட் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். இதெல்லாம் பெரிய காரியம்தான். ஆனால் விமரிசகன் கண்ணுக்கு அவர் செய்த காரியங்களில் மிகச் சிறந்தது, அகதிகளிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, நீங்களே எழுதுங்கள், வரையுங்கள் என்று சொன்னதுதான்.

எழுதியவர்கள் குடியானவர்கள். தொகுப்பில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக விட்டிருக்கிறார். துண்டுப் பிரசுரத்தில் முதலில் வருவது பெயரும் முகமும். "இவள் பெயர் இது, வயசு எட்டு" என்று ஆரம்பித்தால்தான் கதை சூடு பிடிக்கும் என்பது தொழிலில் பாலபாடம். என் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. இங்கே பெயரும் முகமும் இல்லாமல் ஒரு ஊரே நம் முன் வந்து நிற்கிறது. எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைவிடத் தங்களிடம் இருந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்கிறார்கள். எருமை, மாடு, நெல், வீடு, கோவில். வயலில் பகலில் இறங்க முடியாமல் ராத்திரியில் உழுதது. மண்ணில் குழி தோண்டியும் குகைக்குள் ஒண்டியும் இருந்தது. யார் எந்த இடத்தில் செத்தார் என்பது. பெரிய துக்கத்துக்கும் சின்ன நஷ்டத்துக்கும் ஒரே குரல். தாயார் செத்த வரிக்குப் பக்கத்திலேயே மாடு செத்த வரியும் வரும். பட்டணத்து வாசகனுக்கு இது முதலில் உறுத்தும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு உறுத்தாது. உழவு மாடு செத்த வீட்டில் நான் இருந்திருக்கிறேன்.

படங்கள் இன்னும் விசேஷமானவை. பேனாவாலும் பென்சிலாலும் வர்ணக் குச்சியாலும் போட்டவை. சித்திரம் எழுதிப் பழகாத கை. கீழே வீடு, மரம், ஜனங்கள், ரத்தம், மேலே விமானம். எந்தப் படத்தை எடுத்தாலும் விமானத்துக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கும். பலவற்றில் குண்டு விமானத்திலிருந்து ஜனங்கள் மேல் வருகிற வழி கூடத் தெரியும். செய்தவன், செய்தது, பட்டவன் மூன்றும் ஒரே காகிதத்தில்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் ஏழு வரி ஞாபகம் வந்தது. தமிழில் ஒரு சௌகரியம் உண்டு. கண்ணாடியைக் கீழே போட்ட பையன் "கண்ணாடி உடைஞ்சு போச்சு" என்பான். "உடைச்சுட்டேன்" என்று சொல்ல மாட்டான். பாத்திரம் நசுங்கும், சீட்டுக் கிழியும், குண்டு வெடிக்கும், கால் போகும். எல்லாம் தானாகவே நடக்கும். யாரும் எதுவும் செய்வதில்லை. தர்மப் பிரசுரத்தின் நடை முழுவதும் இந்தச் சௌகரியத்தின்மேல் கட்டியது. இங்கிலீஷில் எழுதினாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கண்ணிவெடி குழந்தையின் காலைப் பறித்தது என்பார்கள், வெடிக்கு ஏதோ பசி இருப்பது போல. பாம்பு கடிப்பதற்கும் மின்னல் விழுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் வாசகன் அழுகிறான். நானும் அப்படித்தான் அழவைத்தேன். அந்தக் குடியானவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியவில்லை. விமானம் வந்தது என்று சொல்லத்தான் தெரிந்திருக்கிறது.

1968 நவம்பரில் சியெங்குவாங் மாகாணத்தில் தாம் பியூ என்ற குகைக்குள் ஒதுங்கியிருந்தவர்கள்மேல் விமானத்திலிருந்து ராக்கெட் விட்டார்கள். 374 பேர் செத்தார்கள் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். இதைப் போய்க் "குகையில் விபத்து" என்று எந்த மொழியில் எழுதுவது?

தொகுத்தவரின் முன்னுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம். ஆனால் முன்னுரையை முடித்துவிட்டு உள்ளே போகிறபோது, கூட்டத்தில் உரக்கப் பேசினவர் உட்கார்ந்து, மெதுவாகப் பேசுகிறவர் எழுந்த மாதிரி இருக்கிறது. முன்னுரையைக் கடைசியில் படிக்கும்படி வாசகர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன்.

இந்தப் படங்களின் பின்கதை தர்ம ஸ்தாபனங்களின் சரித்திரத்தோடு சேர்ந்தது. யுத்தம் முடிந்து புஸ்தகமும் மறந்துபோய், மூலப் படங்கள் வாஷிங்டனில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கிடந்தன. சிறு வயதில் லாவோஸிலிருந்து அகதியாக அமெரிக்கா போய் வளர்ந்த சன்னபா கம்வோங்ஸா என்ற பெண்மணி கையில் அவை கிடைத்தன. அவர் 2004-இல் 'லெகஸீஸ் ஆஃப் வார்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்து, இந்தப் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். குண்டு போட்ட தேசத்து ஜனங்களுக்கே காட்டினார் என்பதுதான் இதில் முக்கியம். வெடிக்காத குண்டுகளை அகற்ற அமெரிக்க சர்க்கார் கொடுத்துவந்த பணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 2016 செப்டம்பரில் அதிபர் ஒபாமா லாவோஸுக்குப் போய், இந்தக் காயத்தை ஆற்றுவதில் தம் தேசத்துக்குத் தார்மீகக் கடமை இருக்கிறது என்று சொல்லி, மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். அரிச்சுவடி தெரியாத கைகள் போட்ட படங்களுக்கு இதில் பங்கு உண்டு. அரசியல் பேசினால் பணம் வராது என்று என்னிடம் சொன்னவர்களுக்கு இது ஒரு பதில் என்று நினைக்கிறேன். முழுப் பதில் அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

வேறொரு படம் இதைவிடப் பிரசித்தம். 1997 ஜனவரியில் இங்கிலாந்தின் டயானா அங்கோலாவில் ஹுவாம்போ நகரத்தருகே, முகத்தில் கண்ணாடிக் கவசமும் மார்பில் நீலக் கவசமும் அணிந்து, ஹேலோ ஸ்தாபனம் சுத்தம் செய்த பாதையில் நடந்த படம். சில படக்காரர்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று மறுபடியும் ஒரு தரம் நடந்தார் என்று உடன் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருஷ டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1992-இல் ஆறு ஸ்தாபனங்கள் சேர்ந்து தொடங்கிய சர்வதேச இயக்கத்துக்கும், அதை நடத்திய ஜோடி வில்லியம்ஸுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. படத்தால் நடந்தது என்று சொல்வது அந்த ஐந்து வருஷ உழைப்பை அவமதிப்பதாகும். படம் உதவவில்லை என்பதும் பொய். 2019-இல் டயானாவின் இளைய மகன் அதே இடத்துக்குப் போனபோது அங்கே தெருவும் வீடுகளும் வந்திருந்தன.

இருந்தாலும் படம் என்ற முறையில் அது எனக்கு நிறைவளிக்கவில்லை. நம் கண் போவது அந்த அம்மாள்மேல். அவர் காலுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் பதறுகிறோம். அங்கே தினமும் அதே மண்ணில் நடக்கிறவர்கள் படத்துக்கு வெளியே நிற்கிறார்கள். கண்ணிவெடியை வைத்தவனோ இன்னும் வெகு தூரத்தில் நிற்கிறான்.

இரக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது உதாரணம் கிடைத்துவிட்டது. ஒட்டாவா ஒப்பந்தத்தில் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருந்தன. 2025-இல் பால்டிக் நாடுகள் மூன்றும், பின்லாந்தும், போலந்தும் அதிலிருந்து விலகத் தீர்மானித்தன. ரஷ்யா பக்கத்தில் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்பது காரணம். அவர்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. கேலி செய்ய நமக்கு யோக்யதையும் இல்லை. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. ஒற்றைக்கால் குழந்தையின் படத்தை முப்பது வருஷமாகப் பார்த்து இரங்கிய அதே ஜனங்கள்தான் இதற்கும் தலையாட்டினார்கள். வைக்கிறவன் கையும் படத்தில் இருந்திருந்தால், அது தங்கள் கையாகவும் இருக்கலாம் என்று சிலருக்காவது தோன்றியிருக்கும் அல்லவா?

ஸ்தாபனங்கள் எழுதுவதெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு வாக்கியத்தை நான் மெச்சுகிறேன். லாவோஸைப் பற்றி எழுதுகிற எல்லாரும் எடுத்தாள்கிற வாக்கியம் அது: எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம் வீதம், இரவும் பகலும், ஒன்பது வருஷம் குண்டு விழுந்தது என்பது. பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். விமானங்கள் போய்வந்த தடவை 5,80,000. எட்டால் பெருக்கினால் 46,40,000 நிமிஷம். வருஷத்துக்கு 5,25,600 நிமிஷம். எட்டே முக்கால் வருஷத்துக்குச் சற்று மேல் வருகிறது. கணக்குச் சரிதான். கோடிகளால் ஆகாததை எட்டு நிமிஷம் செய்துவிடுகிறது. அடுப்பில் உலை வைத்துவிட்டுக் காத்திருக்கிற நேரம் அது என்று வாசகனுக்கு உடனே தெரிகிறது. இதை முதலில் எழுதியவர் யாரோ, எழுதத் தெரிந்தவர்.

இன்னொன்று, எழுத்தே இல்லாத பிரசுரம். 2019-இல் வியந்தியானில் இரண்டு நாள் தங்க நேர்ந்தபோது, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற 'கோப்' ஸ்தாபனத்தின் காட்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கே பழைய கால்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். புதுக் கால் வாங்க வந்தவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கால்கள். அவரவர் ஊரில், அவரவர் கையால் செய்துகொண்டவை. மரம், மூங்கில், தகரம். சில கால்களின் உலோகம் யுத்தத்தில் மேலேயிருந்து விழுந்த உலோகமே. சியெங்குவாங்கில் நா பியா என்ற கிராமத்தில் அதே மாதிரி அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள் என்று கூட வந்தவர் சொன்னார். குண்டுக் கூடுகளை வீட்டுக்குத் தூணாக நட்டிருப்பதையும் சொன்னார். இரும்புக்காகத் தோண்டப் போய்ச் செத்தவர்களும் நிறைய.

அந்தக் கால்களில் ஒன்றை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் உட்காருகிற இடத்தைக் குடைந்து குடைந்து வழுவழுப்பாக்கியிருந்தான். ஒரு நாளில் செய்ததல்ல. போட்டுப் பார்த்து, வலித்து, கழற்றி, மறுபடியும் செதுக்கியிருக்கிறான். 'பாதிக்கப்பட்டவர்' என்று பிரசுரங்களில் வருகிற ஆள் இவன் இல்லை. நல்ல தச்சன்.

என் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட ஸ்தாபனங்களுக்கு நிதி திரட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸார், உங்கள் நேர்மையால் ஒரு வயல் சுத்தமாகுமா?" என்று கேட்டார். குண்டு தேடுகிறவர்கள் கயிறு கட்டி, கோடு பிரித்து, கருவியைத் தரையோடு தரையாக ஓட்டி, சத்தம் கேட்ட இடத்தில் மண்டிபோட்டு விரற்கடை விரற்கடையாக மண்ணை விலக்குகிறார்கள். பத்துக்கு ஒன்பது தரம் ஆணியோ தகரமோதான் வரும், அதற்கும் அதே ஜாக்கிரதை வேண்டும். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் யார் கொடுப்பது என்றார். 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் அயல்நாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல தேசங்களில் இந்த வேலை அப்படியே நின்றுபோனதைச் சொன்னார். "உங்கள் ஆசிரியை அழுததில் தப்பில்லை. அழாதவர்கள் கொடுப்பதில்லை" என்றார்.

அவர் சொன்னதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஒரு வயலில் ஒரு குண்டு குறைந்தால், அது மோசமான கதையால் குறைந்தாலும் குறைந்ததுதான். அந்த வயலில் நடக்கிறவனுக்கு என் நடையைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாடிச் சமவெளிக்காரர்கள் விமானத்தையும் வரைந்தார்கள், பணமும் வந்தது. வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றார் நண்பர். அதுவும் வாஸ்தவம்.

வன்னியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். அதை எழுத அங்கே அந்த மண்ணைக் கிளறியவர்களே இருக்கிறார்கள். நான் எழுதினால் மறுபடியும் இடுப்பில் குடம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன மாதம் அந்தப் பழைய ஸ்தாபனத்தாரிடமிருந்து கடிதம் வந்தது. என் கதையை மறுபடியும் அச்சிடப் போகிறார்களாம். ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். முதல் பிரதியை வீடு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. குடத்தைத் தலைக்கு ஏற்றி, அந்தப் பத்தியை ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்து அனுப்பினேன். இந்தத் தடவை ஒன்பது வரி வந்துவிட்டது. பக்கம் போதாது, ஏழாகக் குறைக்க முடியுமா என்று நேற்று பதில் வந்திருக்கிறது. எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.